மடலேன் வியோனே: ஒரு மொடலைக் கண் கலங்க வைத்த வெட்டு

தங்கச்சி, வவுனியாவில் மணப்பெண் அலங்காரத்துக்கு மொடலாக நிற்பதாக எழுதியிருந்தீர்கள். பாரிசில் மேடை நடந்த ஒரு மூத்த மொடலின் காணொளியைப் பார்த்திருக்கிறீர்கள். மடலேன் வியோனே என்ற பழைய ஆடை வடிவமைப்பாளரின் சட்டையைப் போட்ட அனுபவத்தைச் சொல்லும்போது அவருக்குக் கண் கலங்கிவிட்டது. அந்தச் சட்டையிலோ கல் இல்லை, ஜரிகை இல்லை, ஒரு வேலைப்பாடும் கண்ணில் படவில்லை. "இதில் அப்படி என்ன இருக்கு, காசுக்குப் புகழுறாவா, இப்படி ஒன்று எங்கட ஊரில தைக்க ஏலுமா" என்று கேட்டிருந்தீர்கள். இந்த மூன்றுக்கும் அடியில் இன்னொரு கேள்வி இருப்பதாக எனக்குப் படுகிறது. துணியை வெட்டியவளின் திறமை, அதை உடுத்தி நிற்பவளுக்கு எவ்வளவு தூரம் தெரியும்? நீங்களே மொடல் என்பதால் அது உங்களைப் பற்றிய கேள்வியும்தான். அதை விட்டுவிட்டு வியோனேயின் வரலாற்றை மட்டும் எழுதினால் உங்களுக்குப் பதில் கிடைத்ததாக இராது.

நான் யார் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். ஆடைத் தொழிற்சாலை ஒன்றின் சாம்பிள் றூமில் பல வருசம் வேலை செய்தேன். வெளிநாட்டு ஓடருக்கு முதல் மாதிரியைத் தைத்து, அளவு பார்த்து, திருத்தி அனுப்பும் இடம் அது. இப்போது கிளிநொச்சிப் பக்கம் பெண்களுக்கு வெட்டும் தையலும் படிப்பிக்கிறேன். ஆகவே துணி எப்படி நடந்துகொள்ளும் என்பதில் நான் சொல்வதைத் தயங்காமல் எடுத்துக்கொள்ளலாம். வியோனேயின் வாழ்க்கையைப் பற்றிச் சொல்வதெல்லாம் வாசித்து அறிந்தது. அவர் கைபட்ட சட்டை ஒன்றையும் நான் தொட்டுப் பார்த்ததில்லை. ஆனால் அவருடைய பற்றன்களை, அதாவது வெட்டு மாதிரிகளை, ஆராய்ந்தவர்கள் வரைந்து வெளியிட்டதை வைத்துச் சிலவற்றைச் சின்ன அளவில் வெட்டிப் பார்த்திருக்கிறேன்.

சாம்பிள் றூமில் இரண்டு வகைச் சோதனை உண்டு. ஒன்று டம்மியில் போட்டுப் பார்ப்பது, மற்றது ஆளுக்குப் போட்டுப் பார்ப்பது. டம்மி மூச்சு விடாது, குனியாது, கையைத் தூக்காது. அதில் குறையே இல்லாமல் நின்ற சட்டை ஆளுக்குப் போட்டதும் பல்லைக் காட்டும். அளவு பார்க்க வரும் மொடல் "இந்த இடத்தில வெட்டுது" என்று கைக்குழியின் முன்பக்கத்தைத் தொட்டுக் காட்டுவாள். புதிதாக வந்த தையற்காரி உடனே அந்த இடத்தைத்தான் கத்தரிக்கப் போவாள். குறை பெரும்பாலும் அங்கே இருக்காது, முதுகின் அகலம் அரை அங்குலம் குறைந்திருக்கும். கையை முன்னால் நீட்டும்போது முதுகுத் துணி போதாமல் கைக்குழியை இழுக்கும், வலி முன்னால் தெரியும். நீங்களும் பட்டிருப்பீர்கள். மாலை மாற்றுகிற மாதிரிக் கையைத் தூக்கி நில்லுங்கள் என்று படப்பிடிப்புக்காரர் சொல்லும்போது பிளவுசின் கீழ்விளிம்பு மேலே ஏறி, சாறிக்கும் அதற்கும் இடையில் வயிறு தெரியும். அதைப் படத்தில் பார்க்கிறவருக்கு உங்கள் உடம்பில் குறை என்று தோன்றும். அது வெட்டின் குறை என்பது உங்களுக்குத்தான் தெரியும். நாள் முழுக்க வேறு வேறு பேர் தைத்ததைப் போட்டுக் கழற்றுகிறவளுக்குத் துணியைப் பற்றி ஒரு தனி அறிவு வந்துவிடுகிறது. அதை வாயால் சொல்லத் தெரியாமல் இருக்கலாம், ஆனால் அறிவு உண்டு. அதனால் ஒரு மொடல் ஒரு வடிவமைப்பாளரை மெச்சும்போது நான் காது கொடுத்துக் கேட்பேன்.

எல்லா மெச்சலையும் நம்பச் சொல்லவில்லை. காசு வாங்கிக்கொண்டு புகழ்வது இந்தத் தொழிலில் வழமையான விசயம். வியோனேயின் கடை 1939-ல் மூடப்பட்டுவிட்டாலும் அந்தப் பெயரைப் பின்னாளில் வேறு முதலாளிகள் வாங்கி மறுபடி வியாபாரத்துக்குக் கொண்டுவந்தார்கள். ஆகவே அவர் பெயரைச் சொல்வதில் வியாபார நோக்கம் அறவே இராது என்று நான் உறுதி தர மாட்டேன். நான் பார்ப்பது வேறு ஒன்றை. "மேதை, தெய்வம்" என்று பொதுவாகச் சொன்னால் அதைக் கடந்து போய்விடலாம். நீங்கள் எழுதியபடி அந்த மொடல் சொன்னது என்ன? நடக்கும்போது சட்டை தனக்குப் பின்னால் இழுபடாமல் தன்னோடு சேர்ந்து திரும்பியது, உட்காரும்போது இழுத்துச் சரிசெய்யத் தேவைப்படவில்லை, எங்கே தைத்திருக்கிறது என்றே உடம்பில் உறைக்கவில்லை என்கிறார். இந்த மூன்றும் அளந்து பார்க்கக்கூடிய விசயங்கள். ஒரு குறிப்பிட்ட வெட்டு இந்த மூன்றையும் தரும் என்பது எனக்குத் தொழிலால் தெரியும். அவர் உண்மையைத்தான் சொல்கிறார்.

அந்த வெட்டு துணியை மூலைவாட்டில் வைத்து வெட்டுவது. எங்கள் தையற்காரர் "குறோஸ்" என்று சொல்வார்கள். வீட்டில் பழைய சாரம் ஒன்று இருந்தால் எடுங்கள், பெட்டிக்கோடு போட்ட கொட்டன் சாரம், தோய்த்துத் தோய்த்து மெத்தென்று வந்ததாக இருந்தால் இன்னும் நல்லது. கரையோரமாக நீளத்துக்கு இரண்டு கையாலும் பிடித்து இழுங்கள், அசையாது. அகலத்துக்கு இழுங்கள், மிகச் சிறிது கொடுக்கும். இப்போது ஒரு பெட்டியின் எதிர் எதிர் மூலைகளின் திசையில் பிடித்து இழுங்கள். துணி நீளும், பெட்டிகள் சாய்ந்து ஒடுங்கும். கையை விட்டால் ஏறத்தாழப் பழைய நிலைக்கு வரும். முல்லைத்தீவில் கரைவலை இழுப்பதைப் பார்த்திருந்தால் உடனே விளங்கும், இழுக்க இழுக்க வலைக்கண் நீண்டு ஒடுங்குவது போலத்தான் இதுவும். நெடுக்கு நூலும் ஊடு நூலும் தனித்தனியே நீள்வதில்லை, அவை சந்திக்கும் கோணம் மட்டும் மாறுகிறது. ரப்பர் இழை எதுவும் கலக்காமல் வெறும் நெய்த துணிக்கு நெகிழ்வு கிடைப்பது பெரும்பாலும் இந்த வழியால்தான்.

அப்படி வெட்டிய துணி தோளிலிருந்து தொங்கும்போது தன் பாரத்தால் தானே கொஞ்சம் நீளும், நீளும்போது குறுக்கே ஒடுங்கும். ஒடுங்குவதால் மார்பு, நாரி, இடுப்பு என்று உடம்பின் வளைவைத் தேடிப் போய் ஒட்டும். நேர் வெட்டில் அந்த வளைவுக்கு டார்ட் (துணியைக் கூராக மடித்துத் தைப்பது) பிடிக்க வேண்டும், பக்கத்தில் ஸிப் வைக்க வேண்டும். குறோஸ் வெட்டில் பல சட்டைகளை ஸிப் இல்லாமல் தலைவழியே போட்டுக்கொள்ளலாம். உட்கார்ந்தால் துணி விரியும், எழுந்தால் மறுபடி இறங்கும். இது எங்களுக்குப் புதிய விசயம் என்று நினைக்க வேண்டாம். ஜோர்ஜெட் சாறியின் தலைப்பு இடுப்பிலிருந்து இடது தோளுக்குச் சாய்வாக ஏறுகிறதே, அந்த இடத்தில் துணி ஏறத்தாழ மூலைவாட்டில்தான் இழுபடுகிறது. கொய்யகம் நேராக விழ, தலைப்பு மட்டும் உடம்போடு ஒட்டி வடிவெடுப்பதற்கு அதுவும் ஒரு காரணம். கழுத்து ஓரத்துக்குப் பைப்பிங் பட்டி வெட்டும்போதும் நாங்கள் குறோஸில்தான் வெட்டுகிறோம், நேர்த்துண்டு வளைவில் சுருங்கும் என்பதால். வியோனே செய்தது, அந்தக் கழுத்துப்பட்டியின் குணத்தை ஒரு முழுச் சட்டைக்கும் கொடுத்தது.

அவர் 1876-ல் பிரான்சில் ஒரு சிற்றூரில் ஏழைக் குடும்பத்தில் பிறந்தார். சிறுமியாக இருந்தபோதே தையற்கூடத்தில் வேலை பழகப் போய்விட்டார். பதினெட்டு வயதில் கலியாணம், பிறந்த குழந்தை இறந்தது, கலியாணமும் நிலைக்கவில்லை. லண்டன் போய்த் தையல் வேலை செய்து, பாரிசுக்குத் திரும்பி, கலோ சகோதரிகள் என்ற பெயர்பெற்ற ஆடை இல்லத்தில் மூத்த சகோதரியின் கீழ் வேலை பார்த்தார். துணியை ஆளின் மேலேயே போட்டு மடித்து வெட்டும் பழக்கம் அங்கேதான் உறுதிப்பட்டது. பிறகு ஜாக் டூசே என்பவரின் ஆடை இல்லம். 1912-ல் சொந்தக் கடை, 1914-ல் யுத்தம் வந்து மூடல், 1918-ல் மறுபடி திறப்பு, 1923-ல் மொந்தேன் அவெனியூவில் பெரிய மாளிகை, 1939-ல் அடுத்த யுத்தத்தோடு நிரந்தரமாக மூடல். 1975-ல் 98 வயதில் இறந்தார். யுத்தத்தால் மூடி, திறந்து, மறுபடி மூடிய கதையை வன்னியில் இருக்கிற எவருக்கும் விளக்க வேண்டியதில்லை.

எனக்கு அவரில் மிகப் பிடித்தது அவர் வேலை செய்த முறை. படம் வரைந்து அதைத் தைப்பிக்கும் வழக்கத்தை அவர் வைத்துக்கொள்ளவில்லை. ஏறத்தாழ 80 சென்ரிமீற்றர் உயரமான, மூட்டுகள் அசையும் மரப் பொம்மை ஒன்றை முன்னால் வைத்து, துணியை அதன்மேல் போட்டுச் சுற்றி, ஊசி குத்தி, வெட்டி, சட்டையை அங்கேயே உருவாக்கினார். துணி எந்தப் பக்கம் விழ விரும்புகிறது என்பதைப் பொம்மையிலேயே கண்டுகொள்ளலாம். அது சரிவந்த பிறகுதான் ஆள் அளவுக்குப் பெரிதாக்கியது. கடதாசியில் கோடு போடுகிறவருக்குத் துணிக்குப் பாரம் உண்டு என்பது மறந்துபோகும். எங்கள் வகுப்பிலும் இது நடக்கிறது. பற்றன் வரைவதில் கெட்டிக்காரியாக இருப்பவள் துணியை மேசையில் விரித்ததும் திகைத்து நிற்பாள், கணக்குக்குப் பயந்தவள் கையால் தடவிப் பார்த்தே எந்தப் பக்கம் இழுபடும் என்று சொல்லிவிடுவாள்.

அவருடைய ஒரு சட்டையை மட்டும் விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் அதில் எல்லாமே இருக்கிறது. 1918-ல் கடையை மறுபடி திறந்த அந்தக் காலத்தைச் சேர்ந்தது. நாலு சதுரத் துண்டுகள், இரண்டு முன்னுக்கு, இரண்டு பின்னுக்கு. ஒவ்வொரு சதுரமும் ஒரு மூலையால் தோளில் தொங்குகிறது. மூலையால் தொங்குவதால் சதுரம் தானாகவே மூலைவாட்டில் விழுகிறது. பக்கத்துப் பக்கத்து ஓரங்கள் பொருத்தப்பட்டு, கீழே துணி முனை முனையாக இறங்குகிறது, இடுப்பில் ஒரு பட்டி. வளைந்த வெட்டு ஒன்றும் இல்லை. கத்தரிக்கோல் நேர்கோட்டில்தான் போயிருக்கிறது, ஒரு சாண் துணிகூட வீணாகவில்லை. இடம்பெயர்ந்தபோது மெசின் தலையை மட்டும் கழற்றி உரப்பையில் சுற்றிக்கொண்டு வந்த பெண்கள் என் வகுப்பில் இருக்கிறார்கள். துணி மிச்சமாவதை அவர்கள் பார்க்கும் பார்வை வேறு. இந்த நாலு சதுரச் சட்டையை அவர்களுக்குக் காட்டியபோது ஒருவரும் வடிவைப் பற்றிப் பேசவில்லை, "வெட்டுத்துண்டே விழயில்லையா" என்றுதான் கேட்டார்கள். அவர்களுடைய மெச்சலும் அந்த மொடலின் மெச்சலும் ஒரே தரம் என்று நான் நினைக்கிறேன். ஒருத்தி உடுத்தி அறிந்ததை, இவர்கள் வெட்டி அறிந்திருக்கிறார்கள்.

இனி, இணையத்தில் அவரைப் பற்றிச் சொல்லப்படுவதில் எதை நம்பலாம், எதை நம்பக் கூடாது என்பது. "மூலைவாட்டு வெட்டைக் கண்டுபிடித்தவர்" என்று எழுதுவார்கள். அது சரியல்ல. அவருக்கு முன்பே கொலருக்கும் ஓரப்பட்டிக்கும் பாவாடையின் சில பகுதிகளுக்கும் அப்படி வெட்டியிருக்கிறார்கள். முழுச் சட்டையையும் அந்தக் குணத்தின்மேல் கட்டி, அதை ஒரு முறையாக வளர்த்தவர் என்று சொன்னால் சரி. "பெண்களை இறுக்குக்கச்சிலிருந்து (இடுப்பை இறுக்கிக் கட்டும் உள்ளாடை) விடுவித்தவர்" என்பதும் பாதி உண்மை. டூசேயிடம் இருந்தபோது மொடல்களை இறுக்குக்கச்சு இல்லாமல், காலில் சப்பாத்தும் இல்லாமல் நடக்கவிட்டார் என்றும், விற்பனைப் பெண்களுக்கு அது பிடிக்கவில்லை என்றும் பதிவு இருக்கிறது. ஆனால் அதே காலத்தில் போல் புவாரே என்ற வடிவமைப்பாளரும் அந்தப் பெருமை தன்னுடையது என்று சொன்னார். இருவருமே டூசேயிடம் வேலை செய்தவர்கள். யார் முதல் என்று வழக்காடுவதில் பயன் இல்லை, காலமும் மாறிக்கொண்டிருந்தது. ஒரு பெண் சிரித்தால் அவள் உடுத்தியதும் சேர்ந்து சிரிக்க வேண்டும் என்று அவர் சொன்னதாக ஒரு வாசகம் எங்கும் சுற்றுகிறது. அவர் வாயால் அது எப்போது, எந்தச் சொற்களில் வந்தது என்பதில் நான் பந்தயம் கட்ட மாட்டேன். வெட்டைப் பார்த்தால் அப்படி நினைத்த ஒருவர்தான் என்று மட்டும் சொல்வேன்.

வேலைப்பாடு இல்லை என்று சொன்னீர்களே, அதையும் கொஞ்சம் திருத்த வேண்டும். நீங்கள் பார்த்த சட்டையில் இல்லை. அவர் மணியும் கைவேலையும் போட்ட சட்டைகளும் செய்திருக்கிறார், பாரிசின் லெசாஜ் கைவேலைக் கூடம் அவருக்காக வேலை செய்தது. வித்தியாசம் என்னவென்றால் கைவேலையைத் துணியின் நூல் ஓடும் திசையைப் பார்த்துப் போட்டார்கள். அப்படிப் போட்டால் வேலைப்பாட்டுக்கு அடியில் துணி தொடர்ந்து அசையும். எங்கள் கலியாணப் பிளவுசில் ஆரி வேலையும் கல்லும் நிறைத்து, உள்ளே தடித்த லைனிங் வைத்து, அது ஒரு பலகையாகவே வந்துவிடுகிறது. போட்டு நிற்பதற்கு அது சரி. சாப்பிடவும் கும்பிடவும் குனியவும் அது சரிவராது. கல் வேலை வேண்டாம் என்று நான் சொல்ல வரவில்லை, அந்த வேலையால் எத்தனையோ குடும்பம் சாப்பிடுகிறது. கைக்குழியைச் சுற்றி இரண்டு அங்குலமாவது வெறுமையாக விடுங்கள் என்று என் பிள்ளைகளுக்கு நான் சொல்வதுண்டு. அது வியோனேயிடமிருந்து எடுத்துக்கொண்டதுதான்.

மொடல்கள் அவரை நினைப்பதற்கு இன்னொரு காரணமும் இருக்கலாம். அந்தக் காலத்தில் மொடல் என்றால் பெயர் தெரியாத பெண். 1931-ல் ஜோர்ஜ் ஹொய்னிங்கன்-ஹியூன் என்ற புகழ்பெற்ற படப்பிடிப்பாளர் வியோனேயின் வெளிர்நிறப் பைஜாமாவை எடுத்த படம் ஒன்று உண்டு, தேடினால் கிடைக்கும். இருட்டான பின்னணியில், கிரேக்கக் கற்சிற்பத்தில் ஆடும் பெண்ணின் பாவனையில், துணி காற்றில் விரிந்ததுபோலத் தெரியும். அதில் உள்ள மொடலின் பெயர் சோனியா. அந்தப் படத்தில் துணியின் ஒவ்வொரு மடிப்பும் அவள் கையையும் காலையும் பின்தொடர்கிறது. வேறு வெட்டில் தைத்த சட்டையைப் போட்டு அந்தப் பாவனையில் நின்றால் துணி ஒரு பக்கம், ஆள் ஒரு பக்கம். படத்தை எடுத்தவர் பெரிய ஆள், தைத்தவர் பெரிய ஆள், ஆனால் அந்த உடம்பு இல்லாமல் அந்த வெட்டு என்ன செய்யும் என்று உலகம் கண்டிருக்காது. நீங்கள் செய்யும் வேலையை வெறும் நிற்கும் வேலை என்று யாராவது சொன்னால் இந்தப் படத்தைக் காட்டுங்கள்.

தைத்த பெண்களையும் விட்டுவிட முடியாது. மொந்தேன் அவெனியூ மாளிகையில் ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் வேலை செய்தார்கள். அவர்களுக்குச் சாப்பாட்டுக்கூடம், வைத்தியர், பல் வைத்தியர், பிள்ளைப்பேற்று உதவி, சம்பளத்தோடு விடுமுறை எல்லாம் கொடுத்தார். பிரான்சில் சம்பளத்தோடு வருடாந்த விடுமுறை எல்லாருக்கும் சட்டமானது 1936-ல், அவர் அதற்கு முன்பே கொடுத்தார். முதுகு சாயாத முக்காலிகளுக்குப் பதில் சாய்மானம் உள்ள கதிரைகள் போட்டார் என்று வாசித்தபோது, நாள் முழுக்கக் குனிந்து தைத்து எழும்பத் தெரிந்தவளாக எனக்கு அவர்மேல் இருந்த மதிப்பு இரண்டு மடங்கானது. சின்ன வயதில் அந்த முக்காலியில் இருந்து பழகியவருக்குத்தான் அந்த எண்ணம் வரும். இலங்கையில் இன்று கம்பனியில் வேலை செய்யும் பெண்ணுக்குச் சட்டப்படி 84 நாள் பிள்ளைப்பேற்று விடுமுறை இருக்கிறது. வீட்டில் இருந்து துண்டுக்கு இவ்வளவு என்று தைக்கும் பெண்ணுக்கு அது கிடையாது. வன்னியில் தையலில் இருக்கும் பெண்களில் நிறையப் பேர் இந்த இரண்டாவது கூட்டம். வியோனேயை மெச்சுகிறவர்கள் வெட்டோடு நிறுத்திவிடாமல் இதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும் என்பது என் ஆசை.

களவாகப் பிரதி எடுப்பதற்கு எதிராகவும் அவர் பிடிவாதமாக நின்றார். ஒவ்வொரு சட்டையையும் முன், பின், பக்கம் என மூன்று பக்கமும் தெரியக் கண்ணாடி வைத்துப் படம் எடுத்துப் பதிவு செய்தார். லேபலில் கையெழுத்தோடு தன் பெருவிரல் ரேகையையும் வைத்தார். 1952-ல் தன்னிடம் இருந்த சட்டைகள், பற்றன் துணிகள், படத் தொகுப்புகள் எல்லாவற்றையும் பொதுச் சேகரிப்புக்குக் கொடுத்துவிட்டார். அவை இன்று பாரிஸ் அலங்காரக் கலை அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. அதனால்தான் மற்றவர்களைப் பற்றிச் சொல்ல முடியாததையும் இவரைப் பற்றி உறுதியாகச் சொல்ல முடிகிறது.

இங்கே தைக்க ஏலுமா என்ற கேள்விக்கு வருகிறேன். ஏலும், ஆனால் சில தடைகளைத் தெரிந்துகொண்டு இறங்குங்கள். முதலாவது துணி. வியோனே தன் தேவைக்கு வழமையைவிட மிக அகலமான பட்டுக் கிரேப் நெய்வித்தார். கிரேப் நூல் இறுக முறுக்கியது, அதனால் மூலைவாட்டில் இன்னும் நன்றாக அசையும். எங்கள் கடைகளில் 36, 45, 58 அங்குல அகலத்தில்தான் துணி கிடைக்கும். நீளச் சட்டை என்றால் 58 பார்த்து எடுங்கள், நேர் வெட்டுக்கு எடுப்பதைப்போல ஒன்றரை மடங்காவது வேண்டும். பொலியெஸ்ரர் சற்றின் மினுங்கும், விலையும் குறைவு, ஆனால் கச்சான் காலத்து வெக்கையில் முதுகோடு ஒட்டிக்கொள்ளும். ஒட்டினால் அந்த வெட்டின் அசைவு செத்துப்போகும். கிரேப் மாதிரியான விஸ்கோஸ் கிடைத்தால் அது நல்லது. நனைந்தால் விஸ்கோஸ் பலம் குறைந்து பாரமாகி இழுபடும், அதனால் தோய்த்து முறுக்காமல், கொடியில் தொங்கப் போடாமல், பாயில் விரித்துக் காய வைக்க வேண்டும்.

இரண்டாவது பொறுமை. துணியை இரட்டையாக மடித்து வெட்டக் கூடாது, ஒற்றையாக விரித்து வெட்ட வேண்டும். இடது துண்டும் வலது துண்டும் கண்ணாடியில் பார்ப்பது போல எதிர்ச் சாய்வில் வர வேண்டும். இரண்டும் ஒரே சாய்வில் இருந்தால் நடக்க நடக்கச் சட்டை உடம்பைச் சுற்றித் திருகும். கழுத்து ஓரத்தை வெட்டியவுடனேயே ஒரு ஓட்டுத்தையல் போட்டுப் பிடிக்க வேண்டும். நேர்த்தையல் மட்டும் போடும் கால் மெசின் என்றால் தையல் நீளத்தைக் கூட்டி, நூல் இறுக்கத்தைக் குறைத்து, துணியை மெல்ல இழுத்துப் பிடித்துத் தைக்க வேண்டும், இல்லாவிட்டால் துணி இறங்கும்போது நூல் அறும். துணி வழுக்கினால் அடியில் மெல்லிய கடதாசி வைத்துத் தைத்துப் பிறகு கிழித்து எடுக்கலாம். எல்லாவற்றிலும் முக்கியம், கீழ்விளிம்பை அன்றைக்கே மடித்துத் தைக்காமல் சட்டையை ஓர் இரவாவது, பாரத் துணி என்றால் இரண்டு நாளாவது, தொங்கவிட்டு வைப்பது. நெடுக்கு நூலும் ஊடு நூலும் ஒரே அளவு இறங்குவதில்லை, விளிம்பு மேடும் பள்ளமுமாக வரும். பிறகு உங்களை நிமிர்ந்து நிற்க வைத்து, நிலத்திலிருந்து அளந்து சுற்றிவரச் சோக்கால் அடையாளம் போட்டு வெட்ட வேண்டும். எங்கள் கடைகளில் நாளைக்குக் கலியாணம் என்று இன்றைக்குத் துணி கொண்டுவருவார்கள். அந்த அவசரத்தில் இதைக் கேட்டால் எந்த நல்ல தையற்காரியும் மறுத்துவிடுவாள், மறுப்பதுதான் நேர்மை.

காசு செலவழிக்க முன்னர் வீட்டில் ஒன்று செய்து பாருங்கள். சின்னப் பிள்ளைகள் விளையாடும், ஒன்றரை அடி உயரப் பொம்மை ஒன்று எடுங்கள். 10 அங்குலப் பக்கமுள்ள நாலு மெல்லிய கைக்குட்டை போதும். 10 அங்குலச் சதுரத்தின் மூலைக்கு மூலை ஏறத்தாழ 14 அங்குலம் வரும், பொம்மையின் தோளிலிருந்து கணுக்கால் மட்டும் இறங்கும். இரண்டை முன்னுக்கும் இரண்டைப் பின்னுக்கும் மூலையால் தோளில் குத்தி, பக்கத்து ஓரங்களை ஊசியால் பிடித்து, இடுப்பில் ஒரு நாடா கட்டுங்கள். பிறகு அதே நாலு கைக்குட்டையையும் கழற்றி, நேர் ஓரத்தால் குத்திப் பாருங்கள். இரண்டு தடவையும் பொம்மையைத் தூக்கி மெல்லத் திருப்புங்கள், எது ஆளோடு திரும்புகிறது என்று கண்ணுக்கே தெரியும். ஆள் அளவுக்கும் கணக்கு இதேதான். 36 அங்குல அகலத் துணியில் 4 யார் எடுத்தால் 36 அங்குலச் சதுரம் நாலு கிடைக்கும், மூலைக்கு மூலை 51 அங்குலம் அளவில் வரும். ஐந்தடி சொச்சம் உயரமான ஒருவருக்கு அது தோளிலிருந்து கணுக்காலுக்குக் கிட்ட இறங்கும். சுற்றளவு அதிகமாக வரும் என்பதால் மெல்லிய துணியாக எடுங்கள், தடித்த கொட்டன் இடுப்பில் பொதிபோலத் திரளும்.

தைப்பிக்கக் கொடுக்கும்போது "வியோனே மாதிரி" என்று சொல்லாதீர்கள், பெயரைக் கேட்டுப் பயந்துவிடுவார்கள். "முழுச் சட்டையும் குறோஸில வேணும், ஒற்றையா விரிச்சு வெட்டுங்கோ அக்கா, விளிம்பை ரெண்டு நாள் தொங்கவிட்டுப் பிறகு தையுங்கோ, அவசரமில்லை" என்று சொல்லுங்கள். துணியும் நேரமும் கூடுதலாகப் போவதால் கூலியும் கூடக் கேட்பார்கள், அதைப் பேரம் பேசிக் குறைக்காமல் கொடுங்கள். அளவு பார்க்கப் போகும்போது நேராக நின்று காட்டியதோடு வந்துவிடாமல் குனிந்து, இருந்து, கையைத் தூக்கிக் காட்டுங்கள், எங்கே இழுக்கிறது என்பதை வாய்விட்டுச் சொல்லுங்கள். எந்தத் துணி எடுத்தீர்கள், உங்கள் தோளிலிருந்து கணுக்கால் மட்டும் எத்தனை அங்குலம் என்று இங்கே எழுதினால், எத்தனை யார் வேண்டும் என்று கணக்குப் பார்த்துச் சொல்கிறேன்.